பயமுறுத்தும் லெவலைக் கட்டுவது எப்படி: முதல் கோட்டிலிருந்து கடைசிச் சோதனை வரை

பேய்ப்படம் பார்ப்பவர் கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் படம் தன்பாட்டுக்கு ஓடும். கேமில் அந்த வசதி கிடையாது. ஆட்டக்காரர் பட்டனை அழுத்தாமல் கதவு திறக்காது. அவர் நகராமல் அடுத்த அறை வராது. ஆபத்து இருக்கும் இடத்துக்கு அவரே நடந்து போக வேண்டும். திகில் லெவலின் (லெவல் என்பது கேமில் ஆட்டக்காரர் ஆடிக் கடக்கும் ஒரு பகுதி) பலம் முழுக்க இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோரமான உருவம், ரத்தம், திடீர் அலறல் எல்லாம் பிறகு வருபவை. “இந்தக் கதவைத் திறந்துதான் ஆகணுமா?” என்று ஆட்டக்காரர் தயங்கி நிற்கிறாரே, அந்தச் சில நொடிகளை எப்படி உண்டாக்குவது, எவ்வளவு நேரம் இழுப்பது, எப்போது விடுவிப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு கற்பனை லெவலையும் கூடவே கட்டிக்கொண்டு போவோம். கைவிடப்பட்ட ஒரு நீரேற்று நிலையம். மூன்று தளங்கள். மேலே கட்டுப்பாட்டு அறை, நடுவில் குழாய்கள் ஓடும் நடைவழிகள், கீழே தண்ணீர் தேங்கிய இயந்திரக்கூடம். ஆட்டக்காரர் பம்பை ஓடவிட்டு, கீழ்த்தளத்துத் தண்ணீரை வடியவைத்து, அங்கே கிடக்கும் ஒரு வால்வுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு மேலே திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கதை.

படி 1: ஒரே ஒரு பயத்தைத் தேர்ந்தெடுங்கள்

லெவலைக் கட்டும் மென்பொருளான எடிட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: “இந்த லெவலில் ஆட்டக்காரர் எதற்குப் பயப்படுவார்?” இருட்டு, நெரிசல், துரத்தல், பிணம், பொம்மை என்று அடுக்கிக்கொண்டே போனால் அது பதில் ஆகாது. ஒன்றைப் பிடியுங்கள்.

அந்த ஒன்று ஒரு செயலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அம்னீஷியா: தி டார்க் டிசென்ட் (2010) என்ற கேம் இதற்கு நல்ல பாடம். அதில் இருட்டில் நின்றால் கதாபாத்திரத்தின் மனம் கலங்கும்; விளக்கைப் பிடித்தால் எதிரியின் கண்ணில் படுவீர்கள். ஆயுதம் கிடையாது. ஆக, விளக்கை ஏற்றுவது என்ற சாதாரணச் செயலே ஒவ்வொரு முறையும் ஒரு சங்கடமாக மாறிவிடுகிறது.

நம் நீரேற்று நிலையத்துக்கு நான் எழுதும் வாக்கியம் இது: “பம்ப் ஓடினால் வழி திறக்கும், ஆனால் எதிரி வருவது காதில் விழாது.” ஓசையை அணைத்தால் பாதுகாப்பு, ஆனால் தண்ணீர் வடியாது. இனி எடுக்கப்போகும் முடிவுகள் எல்லாம் இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாத யோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறு லெவலுக்கு எடுத்துவையுங்கள்.

படி 2: பத்திரமான இடத்தை முதலில் கட்டுங்கள்

பலரும் பயங்கரமான அறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். எப்போதும் பயந்துகொண்டே இருக்க யாராலும் முடியாது. பத்து நிமிடத்தில் மரத்துப்போகும். பயத்துக்கு எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும்.

ரெசிடென்ட் ஈவில் (1996) பிரபலமாக்கிய சேவ் அறையை, அதாவது ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் அறையை, நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு பெட்டி, மெல்லிய இசை. அந்த இசை கேட்டதும் தோள் தளரும். ஆனால் அங்கேயே உட்கார்ந்திருக்கவும் முடியாது. வெளியே போகத்தான் வேண்டும் என்பது தெரிந்தே மூச்சு வாங்கிக்கொள்கிறோம். அறையை விட்டுக் கிளம்பும் அந்தக் கணம், அறைக்கு வெளியே நடக்கும் பாதிச் சம்பவங்களைவிடக் கனமானது.

நம் லெவலில் கட்டுப்பாட்டு அறைதான் அது. சூடான நிறத்தில் ஒரு விளக்கு, பூட்டக்கூடிய ஒரு கதவு, கீழ்த்தளத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னல் முக்கியம். போகப்போகும் இடத்தை ஆட்டக்காரர் முன்கூட்டியே மேலிருந்து பார்க்கட்டும். கறுத்த தண்ணீரும் அதில் பாதி மூழ்கிய படிக்கட்டும் தெரியட்டும். ஒரு விதி: இந்த அறையின் பாதுகாப்பை ஒருநாளும் உடைக்காதீர்கள். கடைசியில் ஒரே ஒரு முறை உடைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி உடைத்தால், அதற்குப் பிறகு ஆட்டக்காரர் இளைப்பாற எங்கே போவார் என்பதற்குப் பதில் வைத்திருங்கள்.

படி 3: வெறும் சாம்பல் சுவர்களில் தளவரைவு

டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) இல்லாமல், அழுக்கு இல்லாமல், வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து முழு லெவலையும் எழுப்புங்கள். காலடி ஓசை மட்டும் போதும். இந்த நிலையிலேயே ஏதோ ஒரு மூலையில் உங்கள் நண்பர் நின்று யோசிக்கவில்லை என்றால், பிறகு பூசும் துருவும் ரத்தமும் அவரை நிறுத்தாது.

முதலில் தூரத்தை நேரமாகக் கணக்கிடப் பழகுங்கள். ஆட்டக்காரர் நொடிக்கு 1.5 மீட்டர் நடந்தால், 12 மீட்டர் நடைவழி என்பது 8 நொடி. 8 நொடி என்பது காகிதத்தில் சின்ன எண். இருட்டில், கோடியில் ஒரு கதவு பாதி திறந்திருக்கும்போது அது மிக நீளம். நடைவழியின் முனை தெரிந்தால் ஆட்டக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நடப்பார். அந்த 8 நொடியும் அவர் மனம் கதவுக்குப் பின்னால் இருப்பதைக் கற்பனை செய்துகொண்டே வரும். முனை தெரியாமல் வளைந்தால் கணக்கு வேறு: திருப்பத்துக்கு வரும்வரை ஒன்றும் இல்லை, திருப்பத்தில் எல்லாம் மொத்தமாக இறங்கும். இரண்டுமே வேண்டும். ஆனால் அடுத்தடுத்து ஒரே வகையை வைக்காதீர்கள்.

2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு இலவசமாக வெளிவந்து அடுத்த ஆண்டே கடையிலிருந்து நீக்கப்பட்ட பி.டி. என்ற சிறு கேம், எல் வடிவ நடைவழி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று காட்டியது. கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடி அதே நடைவழியின் தொடக்கம். சில சுற்றுகளில் அந்த வீட்டின் கடிகாரமும் புகைப்படங்களும் குளியலறைக் கதவும் மனப்பாடம் ஆகிவிடும். அதன் பிறகு மிகச் சின்ன மாற்றம்கூடக் குத்தும். தெரியாத இடம்தான் பயமுறுத்தும் என்று நினைக்கிறோம். நன்றாகத் தெரிந்த இடத்தில் ஒரு பொருள் இடம் மாறியிருந்தால் அது அதைவிட ஆழமாக இறங்கும், ஏனென்றால் அதைக் கண்டுபிடித்தவர் ஆட்டக்காரரே.

அதனால் திரும்பி வரும் வழியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். புதிதாக இருபது அறை கட்டுவதைவிட, எட்டு அறையை இரண்டு முறை கடக்கவைப்பது பலன் தரும். நம் லெவலில் இது தானாகவே அமைகிறது. போகும்போது முழங்கால் வரை தண்ணீர். திரும்பும்போது அது வடிந்து, தரையில் இருந்தது தெரிகிறது. அதே நடைவழிதான். ஆனால் போகும்போது எதை மிதித்துக்கொண்டு நடந்தோம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

கதவுகள். ரெசிடென்ட் ஈவிலில் கதவு மெல்லத் திறக்கும் காட்சி, அடுத்த அறையை வட்டிலிருந்து ஏற்றும் நேரத்தை மறைப்பதற்காக வைக்கப்பட்டது. அந்தத் தொழில்நுட்பத் தேவை உருவாக்கிய காத்திருப்பு, கேமின் மிகப் பெரிய பலங்களில் ஒன்றாகிவிட்டது. அம்னீஷியாவில் மவுஸைப் பிடித்து இழுத்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். விரலளவு இடுக்கு மட்டும் திறந்து எட்டிப் பார்க்கலாம், படாரென்று சாத்தலாம். என் கருத்தில் கதவு என்பது அலங்காரம் இல்லை. லெவலில் ஆட்டக்காரரின் கை நேரடியாகத் தொடும் இடம் அது. எத்தனை கதவு வைக்கிறீர்கள், ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திறக்கிறது, திறந்ததும் கண் முதலில் எங்கே போகிறது என்று தனித்தனியாக யோசியுங்கள். தன் பக்கம் இழுத்துத் திறக்கும் கதவு ஆட்டக்காரரைப் பின்வாங்கவைக்கும். தள்ளித் திறக்கும் கதவு அவரை உள்ளே கொண்டுபோய்விடும்.

துரத்தல் நடக்கும் பகுதியில் பாதைகள் வளையமாக இணைய வேண்டும். முட்டுச்சந்தில் மாட்டிச் சாகும் ஆட்டக்காரருக்குப் பயம் வராது, எரிச்சல் வரும். ஒரே ஒரு முட்டுச்சந்து வைக்கலாம்: தேவையான பொருள் கிடக்கும் இடம். அதற்குள் போவதற்கு முன் அது முட்டுச்சந்து என்று தெளிவாகத் தெரியட்டும். தெரிந்தே நுழைவதில்தான் விஷயம்.

குறுகிய இடம் மட்டும்தான் பயம் தரும் என்றும் எண்ண வேண்டாம். பெரிய கூடத்தின் நடுவில் நிற்பவருக்கு முதுகுப்பக்கம் திறந்து கிடக்கும். சைலன்ட் ஹில் (1999) தெருக்கள் அகலமானவைதான். பழைய பிளேஸ்டேஷனால் தூரத்தை வரைய முடியாததை மறைக்க மூடுபனி போட்டார்கள். அந்த மூடுபனி திறந்த தெருவையே சுவரில்லாத சிறிய அறையாக்கிவிட்டது.

வழி தெரியாமல் சுற்றவிடுவதைப் பயமென்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தொலைந்துபோன ஆட்டக்காரர் ஐந்து நிமிடத்தில் சலித்துப்போய்ச் சுவரையும் வரைபடத்தையும் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எங்கே போக வேண்டும் என்பது எப்போதும் தெரிந்திருக்கட்டும். போக மனம் வராமல் இருக்கட்டும்.

படி 4: ஒலி

பட்ஜெட்டும் நேரமும் குறைவாக இருந்தால் முப்பரிமாண உருவங்களில் வெட்டுங்கள், ஒலியில் வெட்டாதீர்கள். கண் ஒரு பக்கம்தான் பார்க்கும். காது எல்லாப் பக்கமும் திறந்தே இருக்கும், மூடவும் முடியாது.

அடித்தளமாக ஓர் ஓசை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்: காற்று, மின்சார ரீங்காரம், குழாயில் தண்ணீர். அதன் வேலை கவனத்தில் இருந்து மறைந்துபோவது. பழகிய ஓசையை மூளை தள்ளிவைத்துவிடும். அது திடீரென்று நின்றால் மட்டும் உடனே விழித்துக்கொள்ளும். அதனால் அதை நிறுத்தும் அதிகாரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். லெவலில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை.

அதற்கு மேல் தனித்தனிச் சத்தங்கள்: தூரத்தில் ஒரு இரும்புத் தட்டல், ஏதோ உருளுவது. இவற்றை ஒழுங்கான இடைவெளியில் ஒலிக்கவிட்டால் மூன்றாவது முறை ஆட்டக்காரர் கண்டுபிடித்துவிடுவார். 20 நொடியிலிருந்து 90 நொடிக்குள் ஏதோ ஓர் இடைவெளியில் வரும்படி விடுங்கள். இன்னொன்று: இந்தச் சத்தங்களில் சிலவற்றுக்கு உண்மையான காரணம் உலகத்துக்குள் இருக்க வேண்டும். ஆட்டக்காரர் தேடிப்போனால் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வால்வு கிடைக்கட்டும். ஒருமுறை காரணம் கிடைத்துவிட்டால் அதன் பிறகு எல்லாச் சத்தத்தையும் நம்புவார்.

எதிரியின் ஓசைதான் அடுத்தது. இது ஒரு மொழி போல இருக்க வேண்டும். தேடும்போது ஒரு விதம், கண்டுபிடித்தபோது ஒரு விதம், விட்டுவிட்டுப் போகும்போது ஒரு விதம். சைலன்ட் ஹில்லில் பாக்கெட் ரேடியோ இரைந்தால் அருகே ஏதோ இருக்கிறது என்று பொருள்; எங்கே என்று அது சொல்லாது. 2019-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 மறுவாக்கத்தில் துரத்தி வரும் எதிரியான மிஸ்டர் எக்ஸ் காவல்நிலையத்துக்குள் நடக்கும் பூட்ஸ் சத்தம் சுவர்களைத் தாண்டிக் கேட்கும். அவர் திரையில் இல்லாத நேரம்தான் அதிகம், ஆனாலும் ஆட்டக்காரர் ஒவ்வொரு கதவிலும் நின்று காது கொடுப்பார்.

தூரம் தெளிவாகவும் திசை மங்கலாகவும் இருப்பது நல்ல கலவை. மனிதக் காது இடம், வலம் இரண்டையும் எளிதாகப் பிரித்துவிடும். நேர் முன்னாலா நேர் பின்னாலா என்பதில் தடுமாறும், ஹெட்போனில் இன்னும் அதிகமாக. ஆகவே ஒரு முக்கியமான சத்தத்தை ஆட்டக்காரரின் நேர் பின்னால் வையுங்கள். அவர் கேமராவைத் திருப்பித்தான் ஆக வேண்டும். திரும்புவது அவர் எடுத்த முடிவு. சுவருக்குப் பின்னால் இருக்கும் ஓசையில் உயர் அதிர்வெண்களை வெட்டி மந்தமாக்குங்கள். கதவு திறந்ததும் அது சட்டென்று தெளிவாகக் கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயம் சரியாக அமைந்தால் எதிரி ஒரு கட்டடத்துக்குள் உண்மையாகவே நடமாடுவதாகத் தோன்றும்.

ஆட்டக்காரரின் சொந்த ஓசையை மறந்துவிடாதீர்கள். தண்ணீரில் நடந்தால் சளக் சளக்கென்று கேட்கும், நின்ற பிறகும் அரை நொடி அலை அடிக்கும். அந்த அரை நொடியில் இன்னொரு சளக் கலந்திருந்ததா என்று அவர் யோசிக்கட்டும்.

சரி, நம் முதல் வாக்கியம் இங்கேதான் உயிர் பெறுகிறது. பம்ப் ஓடாத முதல் பாதியில் எதிரியின் ஈரக் காலடிகளை ஆட்டக்காரர் நன்றாகக் கேட்டுப் பழகிவிடுகிறார். காதை நம்பி ஒளிகிறார், காதை நம்பி நகர்கிறார். அப்புறம் பம்ப் சுவிட்சைத் தன் கையாலேயே போடுகிறார். கட்டடம் முழுக்க இரைச்சல். அதுவரை அவரைக் காப்பாற்றிய ஒரே துணை போய்விட்டது. புதிய எதிரி வரவில்லை, வெளிச்சம் குறையவில்லை. ஆனாலும் லெவலே மாறிவிட்டது.

படி 5: வெளிச்சம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முழு இருட்டு பயம் தராது, திரை கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். இருட்டுக்கு ஓர் எல்லை வேண்டும். தூரத்தில் ஒரு விளக்கு, இடையில் இருட்டு, விளக்கின் அடியில் போக வேண்டிய கதவு என்று வையுங்கள். நிழலுருவம் தெரிய, உருவத்துக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கட்டும். டார்ச் கொடுத்தால் அதன் வட்டம் குறுகலாக இருக்கட்டும். ஆட்டக்காரர் எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுத்தால், எதைப் பார்க்காமல் விடுவது என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறார். அவுட்லாஸ்ட் (2013) கேமில் வீடியோ கேமராவின் இரவுப்பார்வை பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். பார்ப்பதற்கே விலை.

விட்டுவிட்டு எரியும் விளக்கை நொடிக்கு 3 முறைக்கு மேல் மின்னவிடாதீர்கள். ஒளி மின்னலால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

படி 6: எதிரி எப்படி நடந்துகொள்ள வேண்டும்

விதி தெரிய வேண்டும், நேரம் தெரியக் கூடாது. எதிரி எதைக் கேட்கும், எதைப் பார்க்கும் என்று ஆட்டக்காரர் புரிந்துகொண்டால்தான் அவரால் திட்டம் போட முடியும். திட்டம் இருந்தால்தான் அது கலையும் பயமும் இருக்கும். எப்போது வரும் என்பது மட்டும் அவர் கையில் இருக்கக் கூடாது.

ஏலியன்: ஐசொலேஷன் (2014) இதை மிக அழகாகச் செய்தது. அதில் எதிரியை இயக்கும் ஏஐ நிரல் இரண்டு அடுக்காக இருக்கும். மேலடுக்குக்கு ஆட்டக்காரர் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் ஏலியனிடம் அது அவ்வப்போது தோராயமாக மட்டும்தான் சொல்லும். மீதியை ஏலியன் தன் கண்ணாலும் காதாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். நெருக்கடி மிக அதிகமானால் மேலடுக்கு ஏலியனைக் கூரைக் குழாய்களுக்குள் அனுப்பிவிடும். ஏமாற்றாமல் தேடுவது போலவும் இருக்கும், ரொம்ப நேரம் தொலைந்தும் போகாது. அதே கேமில் அருகே நகர்வதைக் காட்டும் கருவியைக் கையில் தூக்கிப் பார்க்கும்போது பின்னால் இருக்கும் காட்சி மங்கிவிடும். அதையும் கவனியுங்கள்: தகவல் கிடைக்கிறது, பார்வை போகிறது.

உருவத்தை முழுக்கக் காட்டுவதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். அம்னீஷியாவின் வெள்ளம் சூழ்ந்த பகுதியில் எதிரிக்கு உருவமே கிடையாது. தண்ணீரில் காலடி தெறிப்பது மட்டும் தெரியும். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். நம் எதிரியும் தண்ணீரோடு தொடர்புடையது என்பதால் அந்த வழியில் போகாமல் வேறு விதி வைப்போம். அது ஈரத்தைத் தொடர்ந்து வரும். தண்ணீரிலிருந்து ஏறிய ஆட்டக்காரரின் காலடித் தடம் 40 நொடிக்குக் காயாது. அதுவரை தடத்தைப் பிடித்துக்கொண்டே வரும். ஆட்டக்காரர் திரும்பிப் பார்த்தால் தன் தடத்தைத் தானே பார்க்கலாம். அதனுடைய தடமும் அதே போல ஈரமாக, கொஞ்சம் பெரியதாகத் தரையில் இருக்கும். காய்ந்திருந்தால் போய் நேரமாகிவிட்டது. ஈரமாக இருந்தால் பக்கத்தில்தான் எங்கோ.

துரத்தலின் வேகத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். ஆட்டக்காரர் நொடிக்கு 3.5 மீட்டர் ஓடுகிறார், எதிரி 3.8 என்று கொள்வோம். இடையில் 6 மீட்டர் இருந்தால் பிடிக்க 20 நொடி ஆகும். அந்த நேரத்தில் ஆட்டக்காரர் 70 மீட்டர் ஓடியிருப்பார். ஆகவே அடுத்த ஒளியுமிடமோ பூட்டும் கதவோ 50 மீட்டருக்குள் இருந்தால் மயிரிழையில் தப்புவார். மயிரிழையில் தப்பியதுதான் நினைவில் நிற்கும்.

சாவு பயத்தை முடித்துவைத்துவிடும். மூன்றாவது முறை அதே இடத்தில் செத்துத் திரும்பும் ஆட்டக்காரருக்கு அந்த எதிரி ஒரு தடை மட்டும்தான், முகம்கூடப் பழகிவிட்டது. எனவே கொல்லும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். முதல் பிடியில் உதறித் தப்ப வாய்ப்பு கொடுங்கள். செத்தால், திரும்பி வரும்போது எதிரியின் இடத்தை மாற்றிவிடுங்கள். கொல்லப்படுவோம் என்ற நம்பிக்கை ஆட்டக்காரரிடம் இருந்தால் போதும், அதை அடிக்கடி நிரூபிக்கத் தேவையில்லை.

இன்னொரு வழியும் உண்டு: ஆட்டக்காரர் முடித்துவிட்டதாக நினைத்ததைத் திரும்பக் கொண்டுவருவது. 2002-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் மறுவாக்கத்தில், வீழ்த்திய ஜோம்பியை எரிக்காமலோ தலையைச் சிதைக்காமலோ விட்டால் பிறகு அது இன்னும் வேகமாக எழுந்து வரும். எரிக்க எண்ணெய் அளவாகத்தான் கிடைக்கும். அதனால் நடைவழியில் கிடக்கும் ஒவ்வொரு பிணமும் பாக்கி வைத்த கடன் மாதிரி.

படி 7: கையில் என்ன கொடுப்பது

ஒன்றுமே இல்லாதவருக்கு இழக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் கொடுங்கள், அது தீரும் என்பதைத் தெரியவையுங்கள். ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ் (2014) ஆட்டக்காரரை நகரவே விடாது. கதவு, விளக்கு, கண்காணிப்பு கேமரா மூன்றும் ஒரே மின்சாரத்தைச் செலவழிக்கும். பாதுகாப்பாக உணரச் செய்யும் ஒவ்வொரு செயலும் அவரை முடிவுக்கு அருகே கொண்டுபோகும்.

ஆயுதம் கொடுத்தால் பயம் போய்விடும் என்பது பாதி உண்மைதான். ஃபேட்டல் ஃபிரேம் (2001) ஆயுதமாகக் கொடுத்தது ஒரு புகைப்படக் கேமராவை. பேய் எவ்வளவு நெருங்கி வருகிறதோ அவ்வளவு பலமான அடி. அதாவது, ஓடத் தோன்றும் கணத்தில் நின்று லென்ஸ் வழியாக முகத்தைப் பார்க்க வேண்டும்.

டெட் ஸ்பேஸ் (2008) கேமில் பொருட்களின் பட்டியலைத் திறந்தாலும் ஆட்டம் நிற்காது. உயிரளவும் கதாபாத்திரத்தின் முதுகில்தான் ஒளிரும். ஒளிந்துகொள்ள மெனு என்ற இடம்கூட இல்லை. ஏலியன்: ஐசொலேஷனில் சேவ் செய்யவே சில நொடி காத்திருக்க வேண்டும், அந்தச் சில நொடியில் சாகவும் செய்யலாம். சேவ் இடங்களை எவ்வளவு தள்ளிவைப்பது என்பதற்கு என் அளவுகோல் எளியது: இழந்தால் மனம் வலிக்க வேண்டும், கேமை மூடிவிட்டுப் போகத் தோன்றக் கூடாது.

படி 8: திடுக்கிடல்

ஜம்ப் ஸ்கேரை, அதாவது திடீரென்று எதையாவது பாயவிட்டுத் திடுக்கிடவைப்பதை, ஒரேயடியாக வெறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1996 ரெசிடென்ட் ஈவிலில் ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் நடைவழியை யாராவது மறந்திருக்கிறார்களா? ஆனால் அங்கே கிடைத்த லாபம் அந்த ஒரு நொடி அதிர்ச்சி மட்டுமல்ல. அதற்குப் பிறகு அந்த மாளிகையின் ஒவ்வொரு ஜன்னலும் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. திடுக்கிடல் ஓர் உடல் அனிச்சை, சத்தமாக எதைப் போட்டாலும் வரும். அது பின்னால் எதையாவது மாற்றிவிட்டுப் போனால் மட்டுமே வையுங்கள். எதிர்பார்த்த கணத்தில் வைக்காமல், ஒன்றும் இல்லை என்று மூச்சு விட்ட பிறகு வையுங்கள். ஒரு லெவலுக்கு ஒன்று போதும்.

படி 9: ஏற்றமும் இறக்கமும்

ஒரு தாளில் நேரத்தைக் கிடையாகவும் பதற்றத்தைச் செங்குத்தாகவும் வைத்து ஒரு கோடு போடுங்கள். ஏறிக்கொண்டே போகும் கோடாக இருந்தால் திருத்துங்கள். லெஃப்ட் 4 டெட் (2008) ஆட்டக்காரர்களின் நெருக்கடியை அளந்துகொண்டே இருந்து, உச்சத்துக்குப் பிறகு வேண்டுமென்றே ஓய்வு கொடுக்கும். அது அதிரடி ஆட்டம். அதற்கே ஓய்வு தேவைப்படுகிறது என்றால் திகிலுக்கு எவ்வளவு தேவை!

திகில் லெவலுக்கு எடுத்துக்காட்டாக நான் முதலில் சொல்வது தீஃப்: டெட்லி ஷேடோஸ் (2004) கேமின் ஷேல்பிரிட்ஜ் கிரேடில். ஒரே சமயத்தில் அநாதை இல்லமாகவும் மனநோயாளிகள் காப்பகமாகவும் இருந்த கட்டடம். அதன் முதல் பகுதியில் எதிரியே கிடையாது. பலகைகள் முனகும், தூரத்தில் ஏதோ இடிக்கும், நீங்கள் நிழலில் பதுங்கிப் பதுங்கி, இல்லாத ஒன்றிடமிருந்து ஒளிந்துகொண்டே போவீர்கள். பிறகு மின்சாரத்தை நீங்களே திரும்பக் கொண்டுவந்து உள்கட்டடத்துக்குள் போகும்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்கும். அதற்குள் பாதி வேலையை உங்கள் கற்பனையே முடித்திருக்கும். உங்கள் லெவலின் முதல் மூன்றில் ஒரு பங்கையாவது எதிரி இல்லாமல் வைத்துப் பாருங்கள்.

லெவலுக்கு முன்பே பயத்தை விதைக்கலாம். ஹாஃப்-லைஃப் 2 (2004) ரேவன்ஹோம் என்ற ஊருக்குப் போகும் சுரங்கவழியை முதலில் மூடிய நிலையில் காட்டும். அங்கே இனி யாரும் போவதில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டுக் கடந்துபோவார். கொஞ்ச நேரத்தில் அதுதான் ஒரே வழி. ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் (2021) வேறொரு வழியில் போனது: மணிக்கணக்காகச் சுட்டுப் பழகிய ஆட்டக்காரரின் ஆயுதங்கள் அத்தனையையும் பெனவியன்டோ மாளிகையில் பறித்துக்கொண்டது.

படி 10: தடயங்கள்

“அது வருகிறது, நான் சாகப் போகிறேன்” என்று எழுதிய டைரிகளைத் தூக்கிப் போடுங்கள். பொருட்கள் கிடக்கும் விதமே பேசட்டும். உள்பக்கமாக நாற்காலி முட்டுக்கொடுத்த கதவு, ஆனால் அறையில் யாரும் இல்லை. நம் நிலையத்தில் நீர்மட்டப் பதிவேடு ஒன்று இருக்கும். மணிக்கு ஒரு அளவு, சாதாரணக் கையெழுத்து. ஒரு வரியில் “பம்ப் நிறுத்தப்பட்டது”. அதற்குக் கீழேயும் மணிக்கு மணி பதிவு தொடர்கிறது. பம்ப் ஓடாமலேயே தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. எண்களை உற்றுப் பார்ப்பவருக்கு மட்டும் இது புரியும். பார்க்காதவர் எதையும் இழக்கப்போவதில்லை.

படி 11: சோதனை

கட்டியவருக்குப் பயம் வராது. எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே அடுத்தவரை உட்காரவைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, அதிலும் ஒருவர் ஒரே முறைதான் பயன்படுவார். புதிய ஆட்களைச் சேமித்து வையுங்கள். எல்லோரையும் முதல் வாரமே செலவழித்துவிடாதீர்கள்.

ஆடும்போது பக்கத்தில் நின்று எதுவும் சொல்லாதீர்கள். திரையையும் கையையும் பதிவுசெய்யுங்கள். பிறகு பார்க்க வேண்டியவை: எந்தக் கதவின் முன் எத்தனை நொடி நின்றார், எங்கே காரணமில்லாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார், எங்கே நடப்பதை விட்டு ஓட ஆரம்பித்தார், எங்கே சத்தமாகப் பேசவோ சிரிக்கவோ செய்தார். பதற்றத்தில் சிரிப்பு வருவது நல்ல அறிகுறி. போனை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் லெவல் செத்துவிட்டது. “பயமா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். “அது எப்படி உங்களைக் கண்டுபிடிக்கிறது?” என்று கேளுங்கள். நீங்கள் எழுதாத புத்திசாலித்தனங்களை எல்லாம் எதிரிக்கு அவர் ஏற்றிச் சொன்னால், எதையும் மாற்ற வேண்டாம். விதியே புரியவில்லை என்றால் தடம், ஒலி இரண்டையும் இன்னும் தெளிவாக்குங்கள். ஹெட்போனிலும் சாதாரண ஸ்பீக்கரிலும் தனித்தனியாகச் சோதியுங்கள். பம்ப் இரைச்சல் ஸ்பீக்கரில் காலடியை முழுக்க விழுங்கிவிடலாம், அப்போது ஆட்டம் நியாயமில்லாததாகிவிடும்.

அமைப்புகளையும் இதே கட்டத்தில் சேருங்கள். தொடக்கத்தில் ஒளியளவைச் சரிசெய்யும் திரை, திடீர்ச் சத்தங்களுக்கு ஓர் உச்ச வரம்பு, காது கேளாதவர்களுக்கு ஓசையின் பெயரும் திசையும் காட்டும் வசன வரிகள். எதிரி கொல்லாத ஒரு முறையையும் யோசியுங்கள். சோமா என்ற திகில் கேம் 2015-இல் வந்தது. அப்படியொரு பாதுகாப்பு முறையை 2017-இல் சேர்த்தார்கள். நம் லெவலில் காது கேளாதவருக்கு, பம்ப் ஓடத் தொடங்கியதும் காலடியைக் காட்டும் வசன வரிகளும் நின்றுபோக வேண்டும். மற்றவர்களுக்குக் காது போன அதே நேரத்தில் அவருக்கும் அந்தத் துணை போகட்டும். தரையின் ஈரத் தடம் மட்டும் எல்லோருக்கும் மிஞ்சட்டும். அதனால் அந்தத் தடத்தின் பளபளப்பை எந்த ஒளியளவிலும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு லெவலை இறுதியாக்குங்கள்.